கையால் கட்டின ஃப்ளையைக் கிட்டத்துல படமெடுக்க எந்த கேமரா?

இறகுக்கட்டு

வணக்கம். தூண்டில் ஃப்ளை (முள்ளுல இறகும் நூலும் சுத்திப் பூச்சி மாதிரி செய்யற இரை) கட்டுறவங்களும் கேமரா பைத்தியங்களும் ரெண்டு பக்கமும் இருக்கறதால இங்கயே கேக்குறேன்.

நான் கட்டுறது பெரும்பாலும் 12லேர்ந்து 18 நம்பர் வரைக்கும் உள்ள முள்ளுல (நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும்). ட்ரை ஃப்ளை (தண்ணி மேல மிதக்கறது), நிம்ஃப் (தண்ணிக்குள்ள இருக்கற இளம்பூச்சி மாதிரி). எப்பவாவது 22ல மிட்ஜ் (குட்டிக் கொசு மாதிரி). கட்டி முடிச்சதைப் படமெடுத்து வெச்சுக்கணும். எந்த இறகு, நூல் எத்தனை சுத்து, வால் எவ்வளவு நீளம்னு பின்னாடி எடுத்துப் பாத்தா தெரியணும், அவ்வளவுதான் தேவை. கையில இருக்கறது ஒரு போன், 18 மெகாபிக்சல் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர், அதோட வந்த 18-55 லென்ஸ்.

போன்ல எடுத்தா தலைப் பக்கம் பளிச்னு இருக்கு, வால் கரைஞ்சு போகுது. டிஎஸ்எல்ஆர்ல எடுத்தா எல்லாம் தெளிவு, ஆனா படத்து நடுவுல ஃப்ளை சின்னதா உக்காந்திருக்கு. வெட்டிப் பெருசாக்கினா ஹேக்கிள் (முள்ளைச் சுத்திக் கட்டற இறகு) நாரெல்லாம் பிசிறடிக்குது. இன்னொரு தொல்லை, சாம்பல் டன் கலர் ஹேக்கிள் எனக்கு எப்பவும் நீலமாவே வருது.

புதுசா ஒரு மிரர்லெஸ் பாடி வாங்கலாமா, இல்ல லென்ஸ் வாங்கலாமா? ஏதாவது ஒண்ணுதான் முடியும். மாடல் பேரோட சொன்னா உபகாரமா இருக்கும்.


கரையோரம்

போனே போதும் நண்பரே. அல்ட்ராவைட் கண்ணு 2 செ.மீ. வரைக்கும் ஃபோகஸ் ஆகற போன் 2021ல வந்த ஐஃபோன் 13 ப்ரோவுலேர்ந்து நிறைய இருக்கு. ஆனா பின்னாடி தனியா "2 மெகாபிக்சல் மேக்ரோ"ன்னு ஒரு கண்ணு ஒட்டி வித்தாங்களே, அந்த வகையறா போனை இந்த வேலைக்கு நம்பாதீங்க.


லென்ஸ்பித்தன்

பாடியைத் தொடாதீங்க. நீங்க சொன்ன எந்தக் குறையும் பாடியோட குறை இல்ல.

கணக்கு போட்டுப் பாருங்க. 14ஆம் நம்பர் ட்ரை ஃப்ளை ஒண்ணு, வால் நுனியிலேர்ந்து முள்ளோட கண் வரைக்கும் சுமார் 15 மி.மீ. உங்க கேனான் சென்சாரோட அகலம் 22.3 மி.மீ. 1:1 மேக்ரோ லென்ஸ்னா 15 மி.மீ. பொருள் சென்சார் மேலயும் 15 மி.மீ.யாவே விழும், அதாவது படத்துல மூணுல ரெண்டு பங்கு. 18-55 லென்ஸ் அதிகபட்சம் மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் போகும். அதே ஃப்ளை சென்சார்ல 5 மி.மீ. சொச்சம்தான் விழும், மீதியெல்லாம் வெறும் பின்னணி. அதான் "நடுவுல சின்னதா". இதுக்கு 45 மெகாபிக்சல் பாடி வாங்கி வெட்டறதை விட லென்ஸை மாத்தறது புத்திசாலித்தனம்.

யாராவது ஃபுல் ஃப்ரேம் வாங்கச் சொன்னா காதுல போட்டுக்காதீங்க. சென்சார் அகலம் 36 மி.மீ., அதே 1:1ல ஃப்ளை பாதிப் படம் கூட வராது. சின்னப் பொருளுக்குச் சின்ன சென்சார் நல்லதுதான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3 மி.மீ.தான், அதுல ஒலிம்பஸ் 60 மி.மீ. மேக்ரோ போட்டா 14ஆம் நம்பர் ஃப்ளை படத்தையே அடைச்சுக்கும். ஆனா அதுக்குப் பாடியும் சேத்து வாங்கணும், உங்களுக்கு வேணாம்.

உங்க மவுண்ட்டுக்குப் பொருந்தறது: கேனான் ஈஎஃப்-எஸ் 60, ஈஎஃப் 100, டாம்ரான் 90, டோக்கினா 100. நாலும் எஃப்/2.8 (லென்ஸ் துவாரத்தோட அளவு, எண் ஏறினா துவாரம் சின்னதாகும்), நாலும் 1:1. பழசு வாங்கினாலும் கண்ணாடி கண்ணாடிதான். 22 நம்பர் மிட்ஜுக்கு மட்டும் 1:1 பத்தாது, மொத்தமே 5 மி.மீ. இருக்கும். அதை அப்புறம் பாப்போம்.

முதல்ல இதைச் சொல்லுங்க: எங்க வெச்சு எடுக்கறீங்க, வெளிச்சம் எங்கேர்ந்து வருது, ட்ரைபாட் இருக்கா?


இறகுக்கட்டு

ரொம்ப நன்றி. வைஸ் (முள்ளைப் பிடிச்சுக்கற கவ்வி) மேசையிலயே மாட்டியிருக்கு, அதுலயே வெச்சு எடுக்கறேன். இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் கட்டும்போது எரியற மேசை விளக்கு. ட்ரைபாட் இருக்கு, தரையில நிக்கறது.


நீர்த்தும்பி

லென்ஸ் பேச்சு ஆரம்பிச்சா நிக்காது, அதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிடறேன்.

ஒலிம்பஸ் டிஜி-5, டிஜி-6, இப்ப ஓஎம் சிஸ்டம்ங்கற பேர்ல வர்ற டிஜி-7. பாக்கெட்டுல போடற தண்ணி புகாத கேமரா. அதுல மைக்ராஸ்கோப் மோட்னு ஒண்ணு இருக்கு, லென்ஸ் முகத்துலேர்ந்து 1 செ.மீ. வரைக்கும் ஃபோகஸ் ஆகும். ஃபோகஸை நகத்தி நகத்திப் பல படம் எடுத்து அதுவே உள்ளுக்குள்ள சேத்து ஒரு படமாக் கொடுக்கும். தலை தெளிவு, வால் கலங்கல்ங்கற உங்க பிரச்சினைக்கு அதுவே மருந்து. கேமராவோட சின்ன எல்இடி வெளிச்சத்தை லென்ஸைச் சுத்திப் பரப்பற எல்ஜி-1ன்னு ஒரு வளையமும் கிடைக்குது.

என்கிட்ட டிஎஸ்எல்ஆரும் இருக்கு, மேக்ரோ லென்ஸும் இருக்கு, ஆனாலும் ஃப்ளை கட்டி முடிச்சதும் கை இதைத்தான் தேடுது. ஓடையில கல்லைப் புரட்டினா அடியில ஒட்டிக்கிட்டிருக்கற நிஜ நிம்ஃபைத் தண்ணிக்குள்ளயே வெச்சு எடுக்கலாம். வீட்டுக்கு வந்து நாம கட்டினதையும் அதே கேமராவுல எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். அந்த வசதி எந்த 100 மி.மீ. லென்ஸும் தராது.


லென்ஸ்பித்தன்

டிஜி நல்ல கேமரா, மறுக்கலை. ஆனா 1 செ.மீ.னு சொல்றதுலதான் எனக்கு வம்பு.

நாம எதுக்குப் படமெடுக்கறோம்? வால் ஷாங்க் (முள்ளோட நேர் தண்டு) அளவு இருக்கா, ஹேக்கிள் முள்ளோட வாய் அகலத்துக்கு ஒன்றரை மடங்கா ரெண்டு மடங்கான்னு பாக்கறதுக்கு. அளவு பொய்யாச்சுன்னா படம் எவ்வளவு ஷார்ப்பா இருந்தும் பிரயோஜனம் இல்ல. 12ஆம் நம்பர்ல ஹேக்கிள் நார் ஷாங்க்லேர்ந்து கேமராப் பக்கமா 8 மி.மீ. நீட்டிக்கிட்டிருக்குன்னு வைங்க. லென்ஸ் ஷாங்க்லேர்ந்து 20 மி.மீ.ல இருந்தா அந்த நார் நுனி 12 மி.மீ. தூரத்துல இருக்கு. 20ஐ 12ஆல வகுத்தா 1.67. முன்னாடி இருக்கற நார், ஷாங்க்கை விட ஒண்ணே முக்கால் மடங்கு கிட்ட பெருசாத் தெரியும். அதே லென்ஸ் 150 மி.மீ. தள்ளி இருந்தா 150க்கு 142, வித்தியாசம் நூத்துக்கு ஆறு கூட இல்ல.

போன்ல எடுத்த ஃப்ளையெல்லாம் தலை வீங்கி, ஹேக்கிள் முகத்துல வந்து அடிக்கற மாதிரி இருக்கறது இதனாலதான். கட்டினவர் மேல தப்பே இருக்காது. லென்ஸே வெளிச்சத்தை மறைச்சு நிழல் விழறது தனிக் கதை.


நீர்த்தும்பி

1 செ.மீ. வரைக்கும் *போகும்*னு சொன்னேன், போய்த்தான் ஆகணும்னு சொல்லலையே. அந்த மோட்ல 1 செ.மீ.லேர்ந்து 30 செ.மீ. வரைக்கும் ஃபோகஸ் ஆகுது. ஜூமை முழுசா இழுத்துட்டுக் கொஞ்சம் தள்ளி வெச்சு எடுங்க, வீக்கம் அடங்கிடும். நான் அப்படித்தான் எடுக்கறேன்.


லென்ஸ்பித்தன்

அது சரி. அப்படி எடுத்தா ஒத்துக்கறேன். போனுக்கும் அதே வைத்தியம்தான்: அல்ட்ராவைட்டை விட்டுட்டு டெலிஃபோட்டோ கண்ணுல, முன்னாடி ஒரு க்ளோஸ்-அப் லென்ஸ் மாட்டி எடுத்தா அளவு ஓரளவு நேர்மையா வரும்.


வார்னிஷ்தலை

கேமராவைப் பத்தி இவ்வளவு பேசியாச்சு, வெளிச்சத்தை யாரும் இன்னும் தொடவே இல்ல. ஃப்ளை படத்துல முக்கால்வாசி வேலை அங்கதான் இருக்கு.

ஃப்ளைங்கறது சின்னப் பொருள்னு மட்டும் நினைக்காதீங்க, அதுல ஒவ்வொரு சரக்கும் வெளிச்சத்தை ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கும். டங்ஸ்டன் மணி கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். ஹேக்கிள் வழியா வெளிச்சம் ஊடுருவும். டப்பிங் (உடம்புக்குச் சுத்தற மயிர்ப்பஞ்சு) அப்படியே குடிச்சிடும். மயில் நார் கோணத்தைப் பொறுத்துப் பச்சை, செம்பு, கறுப்புன்னு மாறும். இத்தனையும் 15 மி.மீ.க்குள்ள.

மணி வெச்ச நிம்ஃபை எடுத்து முழுசாப் பெருசாக்கிப் பாருங்க. அந்த 3 மி.மீ. உருண்டையில உங்க ஜன்னல் சட்டம் தெரியும், விளக்கு தெரியும், நடுவுல கறுப்பா லென்ஸ், அதுக்குப் பின்னாடி நீங்க. விளக்கு விழற இடம் வெள்ளையா வெந்து போயிருக்கும், மத்த இடமெல்லாம் இருட்டு. மணி தங்கக் கலரா செம்புக் கலரான்னு கூடச் சொல்ல முடியாது. இதுக்கு ரொம்பச் சாதாரணமான தீர்வு, ட்ரேசிங் பேப்பரை ஒரு சாண் உயரத்துக்குக் குழாயாச் சுத்தி, வைஸ் மூக்கும் ஃப்ளையும் உள்ள இருக்கற மாதிரி நிறுத்துங்க. லென்ஸ் நுழையற அளவுக்கு முன்னாடி ஒரு வெட்டு. விளக்கு ரெண்டும் பேப்பருக்கு வெளியே. இப்ப மணியில தெரியறது வெள்ளைப் பேப்பர் மட்டும்தான், உருண்டை உருண்டையாத் தெரியும், கலரும் வரும்.

ஆனா இதுலயே நின்னுட்டா மயில் நார் செத்துடும். அதோட பளபளப்பு சாயம் இல்ல, நாரோட நுண்ணிய அமைப்புல வெளிச்சம் பட்டுத் திரும்பறதால வர்றது. சுத்தி வர ஒரே மாதிரி மெத்துனு வெளிச்சம் அடிச்சா கறுப்புப் பஞ்சு மாதிரிதான் படத்துல வரும். அதனால பேப்பர்ல மேல ஒரு பக்கமா சின்ன ஓட்டை விட்டு ஒரு விளக்கை நேரா உள்ள விடுங்க. விளக்கை மெதுவா நகத்திக்கிட்டே லைவ் வியூல (கேமராவோட பின் திரையில) பாருங்க, ஒரு இடத்துல வந்ததும் பச்சை திடீர்னு எழுந்திரிக்கும். அங்க நிறுத்திக்கோங்க.

ஹேக்கிளுக்குப் பின்வெளிச்சம் வேணும். ஃப்ளைக்குப் பின்னாடி, கொஞ்சம் மேல, படத்துக்குள்ள வராத இடத்துல ஒரு விளக்கு. அது இருந்தாதான் ஒவ்வொரு நாரும் தனித்தனியாப் பிரிஞ்சு தெரியும். 1922ல மிச்சிகன்ல லென் ஹாலடே கட்டின ஆடம்ஸ்ங்கற ட்ரை ஃப்ளை இருக்கே, பழுப்பும் கிரிஸ்லியும் கலந்த ஹேக்கிள். முன்வெளிச்சம் மட்டும் அடிச்சா அந்தக் கலவை ஒரே சாம்பல் புகையாத்தான் வரும். பின்னாடி விளக்கு வெச்சதும் கிரிஸ்லியோட கறுப்பு-வெள்ளைப் பட்டை தனியா, பழுப்பு தனியா நிக்கும். சிடிசி இறகுக்கு (வாத்தோட பின்பக்கத்து மெல்லிய இறகு) இன்னும் ஒரு படி மேல, கறுப்புப் பின்னணியும் வேணும். இல்லன்னா அந்த நுனி மயிரெல்லாம் காத்துல காணாமப் போயிடும்.

இவ்வளவும் செஞ்சா உங்க பழைய கேனானே போதும்னு சொல்ல வர்றேன்.


இறகுக்கட்டு

இப்படி யாரும் எனக்குச் சொன்னதே இல்ல. ட்ரேசிங் பேப்பர் இருக்கு, இன்னிக்கே பாத்துடறேன். டன் நீலமா வர்றதுக்கும் வெளிச்சம்தான் காரணமா?


பழையவைஸ்

ஆம் தம்பி, காரணத்தை நீங்களே முன்னால் எழுதிவிட்டீர்கள்: இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் விளக்கு. ஜன்னல் நிழல் வெளிச்சம் நீலச் சாயை கொண்டது, மேசை விளக்கு பெரும்பாலும் மஞ்சள். கேமரா விளக்கைக் கணக்கில் கொண்டு வெள்ளைச் சமன் (வெள்ளை வெள்ளையாகவே வரும்படி நிறத்தைச் சரிசெய்வது) செய்தால் ஜன்னல் பக்கம் முழுவதும் நீலமாகும். சிவப்பு இறகிலோ ஆலிவிலோ அது அவ்வளவாகக் கண்ணில் படாது. டன் நடுநிலைச் சாம்பல். எந்தச் சாயை விழுந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜன்னலை மூடுங்கள், அல்லது விளக்கை அணையுங்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். பிறகு சாம்பல் அட்டை ஒன்றை ஃப்ளை இருக்கும் இடத்திலேயே வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு கஸ்டம் வெள்ளைச் சமன் அமைத்துக்கொள்ளுங்கள். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுத்தால் பின்னாலும் திருத்தலாம், ஆனால் இரு வகை வெளிச்சம் கலந்திருந்தால் ராவும் கைகொடுக்காது.

எல்இடி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் சிஆர்ஐ எண் (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) முதல் எட்டு சோதனை நிறங்களின் சராசரி மட்டுமே. அடர் சிவப்பான ஆர்9 அந்தச் சராசரியில் சேராது. சிஆர்ஐ 80 என்று எழுதிய விளக்கில் கிளாரட் (ஒயின் சிவப்பு) நூலும் செம்பழுப்பு ஹேக்கிளும் மண் நிறமாக வெளுத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். 95க்கு மேல் உள்ளதாக, ஆர்9 எண்ணும் குறிப்பிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கேமராவில் நூறு அமைப்பு மாற்றுவதைவிட இது பயன் தரும்.


சிக்குநூல்

லென்ஸ் வாங்க அவசரப்படாதீங்க, அதுக்கு முன்னாடி எக்ஸ்டென்ஷன் ட்யூப். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டறது, உள்ள கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். 36 மி.மீ. ட்யூபை 55 மி.மீ.ல போட்டா 36ஐ 55ஆல வகுத்து 0.65, அதோட லென்ஸோட சொந்தப் பெருக்கம் கொஞ்சம் சேந்து 1:1 பக்கத்துல வந்துடும். எலக்ட்ரிக் காண்டாக்ட் இருக்கற ட்யூபாப் பாத்து வாங்குங்க, இல்லன்னா கேனான்ல அப்பர்ச்சரை மாத்தவே முடியாது. 18 மி.மீ. பக்கம் ஜூமைத் திருப்பாதீங்க, ஃபோகஸ் லென்ஸுக்குள்ளயே போய் விழும்.

இன்னொரு வழி ரேனாக்ஸ் டிசிஆர்-250. 8 டயாப்டர் க்ளோஸ்-அப் லென்ஸ், முன்னாடி கிளிப் மாதிரி மாட்டறது. எந்த லென்ஸ்ல மாட்டினாலும் இன்ஃபினிட்டியில வெச்சா ஃப்ளை சுமார் 12 செ.மீ. தள்ளி நிக்கும். 55ல பெருசா ஒண்ணும் வராது, ஆனா 200 மி.மீ. டெலி ஜூம் யார்கிட்டயாவது இருந்தா 1:1ஐ தாண்டி 1.6 வரைக்கும் போகும். உங்க 22 நம்பர் மிட்ஜுக்கு இதுதான் சுலபம்.


கரையோரம்

1:1 வந்ததும் டெப்த் (தெளிவா வர்ற ஆழம்) போயிடுமே, அதுக்கு என்ன பண்றதாம்?


லென்ஸ்பித்தன்

போயிடும். ஏபிஎஸ்-சியில (அவரோட கேனான் சென்சார் அளவு) 1:1, எஃப்/8ல டெப்த் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல. எஃப்/16 வெச்சாலும் ஒண்ணே கால் மி.மீ. தாண்டாது. அதுவும் 1:1ல எஃப்/16ங்கறது நிஜத்துல எஃப்/32 மாதிரி வேலை செய்யும், டிஃப்ராக்ஷன்ல (சின்னத் துவாரத்துல வெளிச்சம் சிதறறது) படமே மெத்துனு ஆயிடும். சென்சார்ல இருக்கற தூசியெல்லாம் வேற புள்ளி புள்ளியா வந்து நிக்கும்.

ஸ்டாக்கிங்தான் (ஃபோகஸை நகத்தி எடுத்த பல படத்தை ஒண்ணாச் சேக்கறது) வழி. எஃப்/8ல வெச்சு, முன் ஹேக்கிள் நுனியிலேர்ந்து ஷாங்க் தாண்டற வரைக்கும் அரை அரை மி.மீ.யா நகத்தி 15, 20 படம். ஹெலிகான் ஃபோகஸ், ஸீரீன் ஸ்டாக்கர்ங்கற சாஃப்ட்வேர் ரெண்டுல எதுலயாவது சேத்துக்கலாம்.


சிக்குநூல்

ஒரு ஃப்ளைக்கு இருபது படமா? அந்த நேரத்துல இன்னும் மூணு ஃப்ளை கட்டிடலாம் 😀

நான் செய்யறது: 1:1 போகவே மாட்டேன். பாதி அளவுல, எஃப்/11ல ஒரே படம். டெப்த் ரெண்டரை மி.மீ. கிடைக்கும். அவரோட 18 மெகாபிக்சல்ல படத்து அகலம் 5184 பிக்சல். பாதி அளவுல 15 மி.மீ. ஃப்ளை 7.5 மி.மீ.யா விழும், அது 1700 பிக்சலுக்கு மேல வருது. திரையில பாக்க இதுக்கு மேல எதுக்கு?


லென்ஸ்பித்தன்

வெட்டிப் பெருசாக்கும்போது கலங்கலும் சேந்துதானே பெருசாகும்? அந்த ரெண்டரையில பாதி அங்கயே போச்சு. போன் திரையில பாத்தா சரி, நூல் சுத்தை எண்ணணும்னா பத்தாது. அவர் கேட்டது எண்ணறதுக்கு.


சிக்குநூல்

நூல் சுத்து எல்லாம் ஷாங்க் மேலதான் இருக்கு, அது ஒரே தளம். ஷாங்க்கை சென்சாருக்கு இணையா வெச்சு அங்க ஃபோகஸ் பண்ணினா தலை, உடம்பு, வால் மூணும் தெளிவா வரும். முன்னாடி நீட்டற ஹேக்கிள் நுனி நாலு கலங்கினா என்ன குடிமுழுகிப் போகுது? கலங்கினாதான் ஆழமே தெரியும். அடியிலேர்ந்து நுனி வரைக்கும் ஷார்ப்பா இருக்கற ஸ்டாக் படம் ஏதோ ஒட்டு வேலை மாதிரி இருக்கு எனக்கு.


வார்னிஷ்தலை

ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு, ஆனா ஸ்டாக்கிங்ல ஒரு சிக்கலை லென்ஸ்பித்தன் சொல்லலை. ஹேக்கிள் நார் ஒண்ணை ஒண்ணு குறுக்க வெட்டிக்கிட்டுப் போகும். முன் நார், பின் நார் வெட்டற இடத்துல சாஃப்ட்வேர் குழம்பி, ஓரத்துல வெளிறின கோடு, பாதியில அறுந்த நார்னு ஏதாவது பண்ணி வைக்கும். ஸீரீன்ல டீமேப் முறைக்கு பதிலா பீமேக்ஸ் முறை போட்டா இது குறையும், கொஞ்சம் நாய்ஸ் ஏறும், பரவாயில்ல. ஹெலிகான்ல சி முறை அதே மாதிரி. காசு போட வேணாம்னா ஹ்யூகின்ங்கற இலவச சாஃப்ட்வேர் கூட வர்ற கருவியில படங்களை நேர் பண்ணிட்டு என்ஃப்யூஸ்ல சேக்கலாம், பொறுமை வேணும்.

இன்னொண்ணு, ஃபேனை நிறுத்துங்க. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல ஒரு நார் அசைஞ்சாப் போதும், ரெண்டு நாரா வந்து நிக்கும். தரையில நிக்கற ட்ரைபாடும் மேசையில இருக்கற வைஸும் தனித்தனியா ஆடும். சின்ன ட்ரைபாட் இல்லன்னா ஒரு ரெயிலை (கேமராவை முன்பின் நகத்தற சட்டம்) மேசையிலயே, முடிஞ்சா வைஸ் பூட்டின அதே பலகையில, நிறுத்துங்க. ஆடினாலும் ரெண்டும் சேந்து ஆடட்டும்.


பழையவைஸ்

செய்முறைப் படிகளையும் எடுக்கப் போகிறீர்களா? அப்படியானால் கேமராவைக் கட்டுபவர் அமரும் பக்கத்திலேயே வையுங்கள். எதிர்ப்பக்கம் வசதியாகத்தான் தோன்றும், ஆனால் அங்கிருந்து எடுத்தால் முள்ளின் கண் இடப்பக்கம் போய்விடும், நூல் சுற்றும் திசையும் பார்ப்பவருக்குத் தலைகீழாகத் தெரியும். படத்தைக் கண்ணாடிபோல் புரட்டினால் கண் வலப்பக்கம் வரும், சுற்று நேராகாது.


இறகுக்கட்டு

எல்லாருக்கும் நன்றி. முந்தாநாள்லேர்ந்து இதே வேலையா இருக்கேன்.

ஜன்னலை மூடிட்டு ஒரே வகை விளக்கு ரெண்டு வெச்சேன், டன் டன்னாவே வருது! பேப்பர் குழாய்ல மணி உருண்டையா வந்துச்சு. சிக்குநூல் சொன்ன ட்யூப் ஒரு நண்பர்கிட்ட இருந்துச்சு, 55ல மாட்டிப் பாத்தேன், 16 நம்பர் ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப்ல செம்புக் கம்பியோட ஒவ்வொரு சுத்தும் தனியாத் தெரியுது, படம் போட்டிருக்கேன். ஒரே கஷ்டம், லென்ஸ் ஃப்ளைக்கு ரொம்பக் கிட்ட போயிடுது, பேப்பரும் விளக்கும் வெக்க இடமே இல்ல. லென்ஸ் முகத்துல ஹேக்கிள் இடிக்காத குறைதான்.

அதனால பாடி வேணாம், லென்ஸ்தான்னு முடிவு. 60ஆ, 90-100ஆ?


லென்ஸ்பித்தன்

90 இல்ல 100. காரணத்தை நீங்களே சொல்லிட்டீங்க, இடம். கேனான் 100ல 1:1 வெச்சா முன் கண்ணாடிக்கும் ஃப்ளைக்கும் நடுவுல சுமார் 13, 14 செ.மீ. இருக்கும். பழைய டாம்ரான் 90 முன்னாடி நீளற வகை, 10 செ.மீ. பக்கம் கிடைக்கும், அதுவே தாராளம். 60ல அதுவும் குறையும்.

பழசு வாங்கறப்ப ஆட்டோஃபோகஸ் மெதுவா இருக்குன்னு கவலையே படாதீங்க, இந்த வேலைக்கு அது தேவையே இல்ல. லைவ் வியூவை 10 மடங்கு பெருசாக்கிக் கையாலதான் ஃபோகஸ் பண்ணப் போறீங்க. ஸ்டெபிலைசர் இருந்தா ட்ரைபாட்ல அணைச்சு வைங்க. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு உள்ள பூஞ்சை வலை இருக்கான்னு பாருங்க, அப்பர்ச்சர் இதழ்ல எண்ணெய் இருக்கான்னு பாருங்க. இந்த ரெண்டும் இல்லன்னா எடுத்துக்கலாம்.

ஐஎஸ்ஓ 100, ரெண்டு செகண்ட் டைமர். ஷட்டர் எவ்வளவு மெதுவாப் போனாலும் கவலை இல்ல. எல்இடி துடிக்கற பட்டையும் மெதுவான ஷட்டர்ல வராது.


நீர்த்தும்பி

டிஜி தோத்துப் போச்சு போல 😄 ஓடைக்குப் போறப்ப என்னை நினைச்சுக்கோங்க.


இறகுக்கட்டு

நிஜ நிம்ஃப் ஆசை விட மாட்டேங்குது, அடுத்த முறை பாக்கலாம். பின்னணிக்கு என்ன கலர் வைக்கறது? வெள்ளை வெச்சா ஃப்ளை இருட்டாயிடுது.


வார்னிஷ்தலை

வெள்ளைன்னா எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (ரெண்டு மடங்கு வெளிச்சம்) ஏத்துங்க, கறுப்புன்னா ஒரு ஸ்டாப் இறக்குங்க. ஆனா பெரும்பாலான ஃப்ளைக்கு நடுத்தரச் சாம்பலோ சாம்பல் நீலமோ போதும். வெள்ளை ஹேக்கிளும் தெரியும், கறுப்பும் தெரியும். அட்டையை ஃப்ளைக்கு ஒரு முழம் பின்னாடி தள்ளி வைங்க, அப்பதான் அதோட சொரசொரப்பு படத்துல வராது.

நீங்க போட்ட ஃபெசன்ட் டெய்ல் படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். கம்பிச் சுத்து அருமை. மணிக்குப் பின்னாடி ஒரு வெள்ளைப் பஞ்சு இழை ஒட்டியிருக்கு, அடுத்த தடவை எடுக்கறதுக்கு முன்னாடி ப்ளோவர்ல ஒரு ஊது ஊதிடுங்க. முள்ளோட கண்ணுல வார்னிஷ் அடைச்சிருக்கு பாருங்க, காயறதுக்குள்ள ஒரு இறகுத் தண்டை விட்டு இழுத்திருந்தா போயிருக்கும். இப்ப ஊசியாலதான் குத்தணும், இல்லன்னா ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு நூல் கோக்க முடியாம திண்டாடுவீங்க.